கீறியவர் பெயர்

யாழ்ப்பாணத்தில் படக்கதை வாசித்து வளர்ந்தவர்களிடம் பழைய சிறுவர் புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் தலைப்பைச் சொல்வது குறைவு. ஆசிரியர் பெயர் அதிலும் குறைவு. "கோழிக்காலில ஒரு வீடு நிக்குமே, அந்தப் புத்தகம்" என்பார் ஒருவர். "நரி பாவாடை சட்டையோட நிக்கும், நல்ல தடிச்ச தாள்" என்பார் இன்னொருவர். "ராசா தோளில பிரேதத்தைப் போட்டுக்கொண்டு வாளோட வருவார்" என்று மூன்றாமவர் தொடங்கினால் அவர் முடிக்கவே தேவையில்லை. அது அம்புலிமாமா என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். இப்படிப் படத்தை அடையாளம் வைத்துப் புத்தகம் தேடுகிறவர்களோடும் படத்தைச் சொல்லியே பரிந்துரைக்கிறவர்களோடும்தான் என் காலம் கழிந்திருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் "அதைக் கீறினது ஆர்?" என்று கேட்டால் எங்கள் எல்லோருடைய பேச்சும் நின்றுவிடும்.

ஒரு கதையை ஐம்பது வருடம் மனதில் வைத்திருக்கச் செய்தவர் ஓவியர். நன்றி மட்டும் எழுத்தாளருக்குப் போகிறது. பெயர் தெரியாதவரின் அடுத்த புத்தகத்தைத் தேடி வாசிக்க முடியாது. தேடுவாரில்லாத கலையை யாரும் வாழ்நாள் வேலையாக எடுக்கவும் மாட்டார்கள். தேவதைக் கதைகளுக்குப் படம் கீறும் மரபொன்று எங்களிடையே வேரூன்றாமற் போனதற்குப் பணம், அச்சு வசதி, போர் என்று காரணங்கள் பல உண்டு. பெயர் சொல்லாத பழக்கத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

தேவதைக் கதைகள் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்ததே படங்களின் தயவால்தான். கிறிம் சகோதரர்களின் முதற் தொகுதி 1812இல் பேர்லினில் வெளிவந்தபோது அதில் கதைகளுக்குப் படம் இல்லை. பின்னிணைப்பில் ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. அறிஞர்கள் அறிஞர்களுக்காகச் செய்த புத்தகம் அது. 1823இல் எட்கர் டெய்லர் அந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலமாக்கி லண்டனில் வெளியிட்டார். ஜோர்ஜ் க்ரூக்‌ஷாங்க் அதற்குச் செதுக்கோவியங்கள் செய்தார். குள்ளர்களும் தையற்காரர்களும் சப்பாத்துத் தைப்பவர்களும் பக்கங்களில் துள்ளினார்கள். புத்தகம் நன்றாக விற்றது. அதைப் பார்த்த பிறகுதான் கிறிம் சகோதரர்கள் 1825இல் ஐம்பது கதைகளைத் தெரிந்து சிறிய பதிப்பொன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஏழு படங்களைக் கீறியவர் அவர்களுடைய தம்பி லுட்விக் எமில் கிறிம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வாசித்த கிறிம் கதைகளின் வரலாறு அந்தச் சிறிய பதிப்பிலிருந்துதான் விரிகிறது. அண்ணன்மார் இருவரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். தம்பியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வர்ண அச்சு முன்னேறியது. ஆதர் ரக்கம், எட்மண்ட் டுலக், கே நீல்சன் ஆகியோரின் படங்கள் வழவழப்பான தாளில் தனியாக அச்சாகிப் புத்தகங்களுக்குள் ஒட்டப்பட்டன. நத்தார்ப் பரிசாக வாங்கும் விலையுயர்ந்த நூல்கள் அவை. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அவை வந்தது மிகக் குறைவு. எங்களிடம் வந்தவை இரண்டு வழிகளால் வந்தன. ஒன்று சென்னை, மற்றது மொஸ்கோ.

சென்னையிலிருந்து வந்தது அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சஞ்சிகை. எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, சங்கர், வ.பா. என்று அதற்கு ஓர் ஓவியர் படையே இருந்தது. விக்கிரமாதித்தன் வேதாளம் கதைக்கு அந்த மறக்க முடியாத படத்தைத் தந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். 2020 செப்டம்பரில், தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். அடுத்த ஆண்டுதான், இறந்த பின், பத்மஸ்ரீ கிடைத்தது. படத்தின் மூலையில் இருக்கும் சின்னக் கையொப்பத்தைப் பார்த்து "இது சங்கர், இது சித்ரா" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயதிலேயே ஓவியரின் பாணியை இனங்காண அந்தக் கையொப்பம் பழக்கியது. பெயர் போடுவதால் வரும் பயன் இதுதான்.

மொஸ்கோவிலிருந்து வந்தவை முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல்களும், 1982க்குப் பின் ராதுகா பதிப்பகத்தின் நூல்களும். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. முகம்மது செரீபு முதலியோர் அவற்றைத் தமிழாக்கினார்கள். அலெக்சாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' நூலை முகம்மது செரீபின் தமிழில் வாசித்தவர்கள் அதன் படங்களையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படங்களின் குறும்புக்கார அப்பாவைக் கீறியவர் லேவ் தொக்மகோவ். இந்தச் சோவியத் நூல்களில் இரண்டு நல்ல பழக்கங்கள் இருந்தன. ஓவியரின் பெயரை அச்சிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் வாசகருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும்: நூலின் மொழிபெயர்ப்பைப் பற்றியும் வடிவமைப்பைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று மொஸ்கோ முகவரியோடு கேட்பார்கள். வடிவமைப்பைப் பற்றி யாழ்ப்பாணத்து வாசகரிடம் அபிப்பிராயம் கேட்ட வேறு பதிப்பகம் எதையும் நான் அறியேன்.

ருஷ்யக் கதைகளின் ஓவியர்களுள் எனக்கு மிக நெருக்கமானவர் இவான் பிலிபின். 1876இல் பிறந்து 1942இல் லெனின்கிராட் முற்றுகையின்போது மாண்டவர். 'அழகி வசிலீசா' கதைக்கு அவர் 1899இல் கீறிய படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிற்றன்னை நெருப்பு வாங்கிவர அனுப்பிய பெண், சூனியக்காரி பாபா யாகாவின் வீட்டிலிருந்து திரும்புகிறாள். கையில் ஒரு தடி, தடியின் நுனியில் மண்டையோடு, அதன் கண்குழிகளிலிருந்து வெளிச்சம் பாய்கிறது. பின்னால் இருண்ட காடும் மண்டையோடுகள் செருகிய வேலியும். எல்லாவற்றுக்கும் உறுதியான கறுப்புக் கோடு. கோட்டுக்குள்ளே தட்டையான வர்ணம். ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களிடம் பிலிபின் கற்றுக்கொண்ட பாடம் இது. தூரிகையை இழுக்கும்போது கை நடுங்காதவரின் கோடு. பயங்கரமான காட்சி, ஆனால் எதுவும் மங்கலாக இல்லை. எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த எலும்பு எங்கே கிடக்கிறது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிகிற பயத்தோடு பிள்ளையால் வாழ முடியும்.

சங்கரின் வேதாளத்திலும் இதே அறிவுதான் வேலை செய்கிறது. சுடுகாடு, மண்டையோடு, பிணம். அவற்றுக்கு நடுவில் நிமிர்ந்த நெஞ்சோடு நடக்கும் அரசன், ஒரு கையில் உருவிய வாள். அவன் நடையைப் பார்த்த பிள்ளைக்கு, வேதாளம் எத்தனை முறை முருங்கை மரத்துக்குப் பறந்தாலும் இவன் திரும்பிப் போவான் என்பது கதையை வாசிக்கமுன்னரே தெரிந்துவிடும். பிலிபினும் சங்கரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவரும் பிள்ளையின் பயத்தை மதித்தவர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்து தன் காலில் நிற்க அது உதவியது என்பார்கள். உண்மைதான். சிறுவர்களுக்கு மட்டும் அம்புலிமாமா அரிதாயிற்று. அரிதானதும் ஒரு பிரதி பல வீடுகளுக்குப் போனது. கிராமத்து வாசிகசாலையில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்களின் காலடியில் பழைய இதழ்களைப் பிள்ளைகள் கைமாற்றினார்கள். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராது என்று சத்தியம் செய்கிற ஊரில், இரவல்தான் வாசிப்பை வளர்த்தது.

பரிந்துரைப்பதிலும் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி முறை உண்டு. உறவில் மாமி ஒருவர், மருமகளிடம் ருஷ்யக் கதைப் புத்தகமொன்றை நீட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா, இதை ஒருக்கா வாசி. படத்தைப் பாத்தால் பயமாத்தான் இருக்கும். ஆனா கடைசியில பெட்டை தப்பியிடுவாள்."

"ஐயோ மாமி, முடிவைச் சொல்லிப்போட்டியள்!"

"முடிவு தெரிஞ்சால்தானேடி நீ இரவில வாசிப்பாய்."

இதைவிடத் திறமான நூல் அறிமுகத்தை நான் எந்தச் சஞ்சிகையிலும் வாசித்ததில்லை. புத்தகத்தையும் தெரிந்து, பிள்ளையையும் தெரிந்து, இரண்டுக்கும் நடுவில் படம் என்ன செய்யும் என்பதையும் தெரிந்து பேசிய பேச்சு. நூலைப் புகழ்வது வேறு. இன்னாருக்கு இன்னது பொருந்தும் என்று கண்டு கொடுப்பது வேறு. நல்ல வாசகர்கள் உள்ள ஊர் என்றால் இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர்கள் உள்ள ஊர்.

யாழ்ப்பாணப் பொது நூலகமே அப்படிப்பட்டவர்களால் வந்ததுதான். 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்திருந்த நூல்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார். அதிலிருந்து வளர்ந்த நூலகத்தின் புதிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1967இல் சிறுவர் பகுதி தொடங்கியது. 1981 மே 31 இரவில் மூட்டிய தீ ஏறத்தாழ 97,000 நூல்களைத் தின்றது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் அந்த நாட்களில் எரிந்தது. ஏட்டுச் சுவடிகளையும் கிடைத்தற்கரிய பழைய பதிப்புகளையும் சொல்லி நாங்கள் இன்றும் மனம் நோகிறோம். நோகத்தான் வேண்டும். ஆனால் எரிந்த சிறுவர் பகுதியைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? அங்கே இருந்து படம் பார்த்த பிள்ளைகளுக்கு இன்று ஐம்பதும் அறுபதும் தாண்டியிருக்கும். அவர்களிடம் கேட்டு எழுதினால் அந்த அலுமாரிகளின் ஒரு பகுதியையாவது நினைவிலிருந்து மீட்கலாம். தலைப்புகள் வராமல் போகலாம், படங்கள் வரும்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் நாளிதழ்களே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாயின. வர்ணப் படம் நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் வாசிப்பு. 1991 முடிவில் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போனது. மொஸ்கோ வழி அதோடு அடைபட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளின் அலுமாரிகள் அப்படியே பின்னால் நின்றன. அரிசியும் அடையாள அட்டையும் எடுத்தவர்கள் படக்கதைப் புத்தகத்தை எடுக்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்?

இதே தீவின் தெற்கில் வேறொரு வரலாறு நடந்தது. சிபில் வெத்தசிங்க, சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே 1956இல், குடைத் திருடன் கதையைத் தாமே எழுதித் தாமே கீறி வெளியிட்டார். குடையே கண்டிராத கிராமம். மழை வந்தால் இலையையும் சாக்கையும் தலையில் பிடிக்கிற சனங்கள். நகரத்துக்குப் போன கிரி மாமா ஒரு குடையோடு திரும்புகிறார். குடை களவு போகிறது. திரும்ப வாங்குகிறார், திரும்பவும் போகிறது. திருடன் ஒரு குரங்கு. வெத்தசிங்கவின் கோடு வளைந்து நெளிந்து ஆளையும் மரத்தையும் ஒரே சிரிப்புக்குள் கொண்டுவந்துவிடும். 2020இல் காலமாகும்வரை அவர் கையை ஓய விடவில்லை. அவருடைய கடைசி நூல்களுள் ஒன்றான 'வொண்டர் கிரிஸ்டல்' பிள்ளைகளிடமே முடிவைக் கேட்டது. பிள்ளைகள் எழுதியனுப்பியவற்றிலிருந்து 1,250 முடிவுகள் சேர்க்கப்பட்டு அது கின்னஸ் சாதனையாகியது. சிங்கள வாசகரிடையே அவர் பெயர் வீடுதோறும் தெரிந்த பெயர். ஓவியரின் பெயர் தெரிந்த சமூகத்தில் அடுத்த தலைமுறை ஓவியர் பிறப்பது இலகு.

எங்களிடம் கீறுவதற்குக் கதை இல்லையா? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரித் தோட்டத்து வெருளி' தலைப்பிலேயே படம். தேவதைக் கதை என்றால் கீரிமலைக் கதையைவிட வேறென்ன வேண்டும்? சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம். தீராத நோயும் கூட. கடல் கடந்து வந்து கீரிமலையில் தீர்த்தமாடுகிறாள். அவளுக்கு முன்பே அங்கே நீராடித் தம் கீரி முகம் நீங்கப் பெற்றவர் நகுல முனிவர். அவளுடைய முகமும் மாறுகிறது. மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுக்கிறாள். சிங்க முகத்தவன் என்று கதை சொல்லும் உக்கிரசிங்கன் அவளை மணக்கிறான். தவளை இளவரசியும் மிருகமான இளவரசனும் கீரிமலையில் ஒரே கதைக்குள் வந்துவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதைத் தல புராணமாகச் சொல்கிறோம். சமய பாடத்தில் பரீட்சைக்கு எழுதுகிறோம்.

இதை ஓர் ஓவியர் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சொல்கிறவர் "குதிரை முகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். கீறுகிறவரால் அப்படிப் போக முடியாது. அந்த முகம் அசிங்கமா, சாந்தமா? பெரிய கண்களும் நீண்ட இமைகளும் கொண்ட குதிரையின் முகத்தில் இளவரசியின் வெட்கத்தை எப்படிக் காட்டுவது? தோழிமார் அவளைப் பார்க்கிறார்களா, நிலத்தைப் பார்க்கிறார்களா? சுண்ணக்கல்லில் ஊறிவரும் நன்னீர்க் கேணி ஒரு பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல். எந்த நீரில் அவள் தன் பழைய முகத்தைப் பார்க்கிறாள், எதில் புதிய முகத்தை? முகம் மாறிய பின் அவளுக்குக் குதிரை முகத்தின் நினைவு இருக்குமா? இத்தனை கேள்விகளையும் கதை கேட்கவில்லை. படம் கேட்கும். பதில் சொல்லாமல் ஒரு கோடும் கீற முடியாது. படம் கீறுவதை நான் வாசிப்பு என்று நினைப்பது இதனால்தான். ஒரு கதையை ஓவியரைவிட ஊன்றி வாசிக்கிறவர் இல்லை.

படத்தைச் சுற்றிவரும் கரைச்சட்டத்துக்கு என்ன போடுவது? பிலிபின் 1902க்கும் 1904க்கும் இடையில் வட ருஷ்யக் கிராமங்களில் அலைந்து மரவேலையையும் தையல் வேலையையும் பழைய உடைகளையும் பார்த்துச் சேகரித்தார். கீரிமலைக்குப் படம் கீறுகிறவர் பனையோலைப் பெட்டியின் இழைப்பையும் தேர்ச்சீலையின் தொங்கல்களையும் கூத்து முடிகளையும் பார்த்துவரலாம். பிலிபினின் பேர்ச் மரங்கள் நிற்கிற இடத்தில் பனைகள் நிற்கும். கறுத்த நெடுங்கோடுகளுக்குப் பனையைவிடப் பொருத்தமான மரம் எது?

கையுள்ளவர்கள் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஈழத்து நூல்களின் அட்டைகளில் நீண்டகாலம் உழைத்தவர் ஓவியர் ரமணி. மாற்கு மாஸ்ரர் ஒரு தலைமுறைக்கே ஓவியம் சொல்லிக் கொடுத்தார். தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' 2011இல் வந்தது. இழந்த வீடுகளைச் சனங்கள் நினைவிலிருந்து கீறிய வரைபடங்களோடு ஓவியரின் சித்திரங்களும் அதில் சேர்ந்தே வருகின்றன. படமும் எழுத்தும் சரிசமமாக நடக்கும் நூலொன்றை எங்கள் துயரத்தை வைத்துச் செய்ய முடிந்திருக்கிறது. எங்கள் கதைகளை வைத்தும் செய்ய முடியும்.

உலகமும் இந்த விஷயத்தில் மெதுவாகத்தான் கண் விழித்தது. சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருதை 1956 முதல் எழுத்தாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஓவியர்களுக்கு 1966இல்தான் கொடுக்கத் தொடங்கினார்கள். ருஷ்யத் தேவதைக் கதைகளைக் கீறிய தாத்தியானா மாவ்ரினா 1976இல் அதைப் பெற்றார். சென்னையின் தாரா பதிப்பகம் கோண்ட் பழங்குடி ஓவியர்கள் மூவரின் பெயரை முன்னிறுத்தி 2006இல் மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய நூலொன்றைக் கொண்டுவந்தது. 2008இல் பொலோஞ்ஞா சிறுவர் நூற் சந்தையில் பரிசு பெற்ற அந்த நூலை உலகம் ஓவியர்களுக்காகவே வாங்கியது. இலங்கையில் ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் சிங்களத்திலும் தமிழிலும் படநூல்களை வெளியிட்டு வருகிறது. இன்றைய யாழ்ப்பாணப் பிள்ளைக்கு, எங்களுக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலான படநூல்கள் கிடைக்கின்றன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெட்டியில் வருகிறவை வேறு.

ஆகவே குறை இப்போது புத்தகத்தில் இல்லை, எங்கள் வாயில்தான். சிறுவர் நூல் வெளியீட்டு விழாக்களில் தலைமையுரை, வாழ்த்துரை, நயப்புரை, ஏற்புரை என்று மூன்று மணித்தியாலம் போகும். படம் கீறியவர் பின்வரிசையில் இருப்பார். மதிப்புரை எழுதுகிறவர் "அழகிய படங்களும் உண்டு" என்று ஒரு வசனத்தில் முடித்துக்கொள்வார். இந்த ஒரு வசனத்தை முதலில் கைவிட வேண்டும்.

என் வேண்டுகோள் சின்னது. ஒரு பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கும்போது எழுதியவர் பெயரோடு கீறியவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். மதிப்புரை எழுதினால் ஒரு படத்தையாவது எடுத்துப் பேசுங்கள். விழா வைத்தால் ஓவியரை மேடையில் இருத்துங்கள். பெயரே அச்சிடாமல் ஒரு சிறுவர் நூல் உங்கள் கைக்கு வந்தால், பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, "இதைக் கீறினது ஆர்?" என்று கேளுங்கள்.